பொய்ச்சாட்சியும் பிறர் சமயமும்

உலகில் மக்கள் தம் உயிரினும் மேலாகப் போற்றும் பொருள்கள் சிலவே. அவற்றுள் தலையாயது சமயம். தன் ஊரைப் பிறர் பழிப்பினும், தன் தொழிலைப் பழிப்பினும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும் ஒருவன், தன் வழிபாட்டைப் பழிப்பின் பொறான். இங்ஙனமிருந்தும், பிறர் சமயத்தைப்பற்றிப் பேசுங்கால் நாம் கொள்ளும் கவனம் மிகச் சிறிது. கடைத்தெருவில் ஒரு முழத் துணி வாங்குங்கால் செய்யும் ஆராய்ச்சியைக்கூட ஈண்டு நாம் செய்வதில்லை.

ஓர் இரவு விடுதியில் உணவுக்குப்பின் நண்பர் சிலருடன் அளவளாவிக்கொண்டிருந்தோம். இசுலாமிய நண்பர் ஒருவர், யாம் மூன்று கடவுளரை வணங்குவோர் என்னும் கருத்துப்படப் பேசினார். எமக்குச் சினம் மூண்டது. எம் சமயத்தின் முதற்பாடத்தையும் அறியாது பேசுகின்றீரே என்று கடிந்துரைத்தோம். அருகிருந்த சைவ நண்பர் நகைத்து, "சென்ற வாரம் எம்மைக் கல்லை வணங்குவோர் என்று சொன்னவர் நீர்தாமே?" என்றார். யாம் வாயடைத்து நின்றோம். எமக்குப் பிறர் செய்த பிழை எம்மைச் சுட்டது. யாம் பிறர்க்குச் செய்த அதே பிழை எம் நினைவிலும் இல்லை. அன்று முதல் எம் உள்ளத்தில் ஊறிவந்த எண்ணத்தையே ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

பிறனைக் குறித்துப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது பத்துக் கற்பனைகளுள் ஒன்று. சிறு பருவத்திலேயே ஞாயிறு பாடசாலையில் இதனை மனனஞ் செய்தோம். நீதிமன்றத்திற்கே இஃது உரியது என்றும் எண்ணியிருந்தோம். பிறனுடைய வீட்டைப்பற்றிப் பொய் கூறுதல் குற்றமாயின், அவன் தன் ஆன்மாவுக்குப் புகலாகக் கொண்ட நெறியைப்பற்றிப் பொய் கூறுதல் அதனினும் பெருங் குற்றம் அன்றோ? அறிந்து சொல்லும் பொய்யன்று, அறியாமையாற் சொல்வது எனின், அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாதிருத்தல் யார் பிழை? ஆகவே, பிற சமயங்களின் தோற்றத்தையும் உட்கருத்தையும் உள்ளவாறு அறிதல் கிறிஸ்தவ மாணாக்கனுக்கு அவன் விரும்பினாற் செய்யத்தக்க ஒன்றன்று. கட்டளையின்பாற்பட்ட கடமையே என்பது எம் துணிபு.

நாம் வழக்கமாகச் சொல்லும் பொய்ச்சாட்சிகள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம்.

இந்து சமயம் கல்லை வணங்குவது என்பது ஒன்று. 'இந்து' என்னும் பெயரே சிந்து ஆற்றின் பெயரினின்று பிறந்து, முதற்கண் ஒரு நிலத்து மக்களைக் குறித்தது. இச்சமயத்தைத் தோற்றுவித்தவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்டல் இயலாது. வேதம், உபநிடதம், கீதை, ஆகமம், அறுபத்துமூன்று நாயன்மாரும் பன்னிரண்டு ஆழ்வார்களும் வளர்த்த பத்தி நெறி என்று பல ஆறுகள் கலந்த கடல் அது. உருவின்முன் நிற்கும் அடியவன், எங்கும் நிறைந்த இறைவனை அவ்வுருவில் எழுந்தருளுமாறு அழைத்தே வழிபடுகின்றான். அக்கொள்கையை நாம் ஏற்காதிருக்கலாம். ஆயின் அவன் கொள்ளாத ஒன்றை அவன்மேல் ஏற்றுதல் நேர்மையன்று.

புத்த சமயம் அழுகையின் சமயம் என்பது மற்றொன்று. லும்பினியிற் பிறந்த சித்தார்த்தர் கயையில் ஞானம் பெற்றுச் சாரநாத்தில் முதலுரை நிகழ்த்தியபோது கூறிய வாய்மைகள் நான்கு: துன்பம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, அதனை ஒழித்தல் கூடும், ஒழித்தற்கு எண்வகை மார்க்கம் உண்டு. முதல் வாய்மையோடு நின்றுவிட்டால் அஃது அழுகையே. நோயைச் சொல்லி, நோயின் முதலைச் சொல்லி, தீரும் என்று சொல்லி, மருந்தும் கொடுக்கும் மருத்துவனை அழுகின்றவன் என்பார் உளரோ?

சமணம் உடலை வருத்துவதொன்றே அறியும் என்பர். இருபத்துநான்காம் தீர்த்தங்கரராகிய மகாவீரர் கற்பித்த ஐந்து விரதங்களுள் முதலாவது கொல்லாமை. எறும்பின் உயிருக்கும் அஞ்சி நடந்த அச்சமயத்தார், பொருளொன்றன் இயல்பு பலவாதலின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முற்றும் கண்டதாகச் சொல்லலாகாது என்னும் அனேகாந்தக் கொள்கையையும் உலகுக்கு அளித்தனர். கையாற் கொல்லாமைக்குத் துணையாகக் கருத்தாற் கொல்லாமையும் அதனுள் அடங்கியிருத்தல் காண்க.

யூத சமயத்தைக் குறித்துக் கிறிஸ்தவராகிய நாம் சொல்லும் பொய் மிகப் பழையது. அது சட்டத்தின் சமயம், நம்மது அன்பின் சமயம் என்போம். ஆயின், தன்னைப்போல் பிறனிடத்தில் அன்பு கூரவேண்டும் என்னும் கட்டளை மோசேயின் ஐந்து ஆகமங்களுள் ஒன்றாகிய லேவியராகமத்துப் பத்தொன்பதாம் அதிகாரத்தில் உள்ளது. அந்நியனிடத்தும் அவ்வாறே அன்பு கூருமாறு அதே அதிகாரம் விதிக்கின்றது. இயேசு பெருமான் அதனை எடுத்தாண்டது தம் முன்னோர் வேதத்தினின்றே. கி. பி. 70-இல் உரோமர் எருசலேம் தேவாலயத்தை இடித்த பின்னரும், பலிபீடமின்றி நூலையும் வழிபாட்டையும் பற்றுக்கோடாகக் கொண்டு அச்சமயம் வாழ்ந்துவருகின்றது. அவர்களைக் குறித்துச் சொன்ன பொய்களின் விளைவு ஐரோப்பாவில் எத்துணைக் குருதியாய் ஓடிற்று என்பதைச் சரித்திரம் பயில்வோர் அறிவர். பொய்ச்சாட்சி சொல்லோடு நிற்பதன்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இசுலாமியரை 'முகம்மதியர்' என்று அழைக்கும் வழக்கம் நம் பழைய நூல்களில் உண்டு. கிறிஸ்துவை வழிபடுவோர் கிறிஸ்தவர் ஆதலின், முகம்மதை வழிபடுவோர் முகம்மதியர் எனப் பிறர் கணக்கிட்டனர் போலும். கி. பி. 610-ஐ ஒட்டி மக்காவை அடுத்த ஹிரா குகையில் இறைவாக்குப் பெற்றதாக அச்சமயத்தார் போற்றும் நபிகள், தாம் தூதரே என்று கூறினாரன்றித் தம்மை வணங்குமாறு கூறினாரல்லர். 622-இல் அவர் மதீனாவுக்குப் பெயர்ந்ததே ஹிஜ்ரி ஆண்டின் தொடக்கம். இறைவன் ஒருவனே என்னும் சான்றுரை, ஐவேளைத் தொழுகை, ஏழைக்கு வரியாகிய சக்காத்து, இரமலான் நோன்பு, ஹஜ்ஜு ஆகிய ஐந்தும் அதன் தூண்கள். குர்ஆனின் பத்தொன்பதாம் அதிகாரத்திற்கு மரியாளின் பெயரே இடப்பட்டுள்ளது என்பதை நம்முள் எத்துணைப்பேர் அறிவர்?

சீக்கியர் போர்த்தொழிலர் என்பதே பலர் அறிந்தது. கி. பி. 1469-இல் தோன்றிய குருநானக்கர், உருவமற்ற ஒரே இறைவனை நினைத்தல், உழைத்துண்ணல், பகிர்ந்துண்ணல் என்பவற்றையே கற்பித்தார். 1604-இல் குரு அர்ஜுனர் தொகுத்த ஆதிக் கிரந்தத்தில், நெசவாளர் கபீரும், தோல்தொழிலாளர் இரவிதாசரும், இசுலாமிய ஞானி பரீதும் பாடிய பாடல்கள் இடம்பெற்றுள்ளன. தம் குருமார் அல்லாதாருடைய மொழியைத் தம் வேதத்தில் வைத்து வணங்கும் உள்ளம் சிறிதோ?

இனி, எம் சமயம். மூன்று கடவுளர் என்று எம் நண்பர் கருதிய திரித்துவம், ஒரே கடவுளைக் குறித்த மறைபொருளேயன்றி எண்ணிக்கையன்று. பெத்லெகேமிற் பிறந்து, பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் சிலுவையில் அறையுண்டு உயிர்த்தெழுந்தவர் என யாம் நம்பும் கிறிஸ்துவினிடத்துத் தேவன் மனிதரைத் தேடிவந்தார் என்பதும், இரட்சிப்பு நம் தகுதியாலன்றிக் கிருபையாற் கிடைப்பது என்பதும் எம் சமயத்தின் உயிர்நிலை. எம் நண்பர் இதனை ஏற்கவேண்டும் என்று அன்றிரவு யாம் கேட்கவில்லை. உள்ளவாறு சொல்லவேண்டும் என்றே கேட்டோம். யாம் கேட்டதைப் பிறர்க்குக் கொடுப்பதே முறை.

ஈண்டு மற்றொரு பிழையையும் சுட்டல் வேண்டும். இகழ்ச்சிக்கு அஞ்சிய சிலர், 'எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன' என்று ஒரே மூச்சிற் கூறி அமைவர். இது கேட்க இனிது, மேடையிற் கைதட்டலும் பெறும், ஆயின் உண்மையன்று. படைப்போன் ஒருவனைப் பற்றாகக் கொள்ளாமலே புத்தர் தம் நெறியை வகுத்தார். சமணர் வீட்டுப்பேற்றினைத் தம் முயற்சியாலேயே எய்துவர். சைவரும் கிறிஸ்தவரும் அருளின்றி எய்தலாகாது என்பர். எம் சமயத்திற்கு அடிப்படையாகிய தேவகுமாரன் என்னும் கொள்கையை இசுலாம் மறுக்கின்றது. இவற்றை ஒன்றென்பவன், ஒரு சமயத்தையும் ஆழ்ந்து கேளாதவன். தனக்கு வேண்டாதது பிறர்க்குச் செய்யற்க என்னும் அறத்தைச் சீனத்துக் கன்பூசியரும் யூத ஞானி ஹில்லேலும் கூறியிருத்தல் மெய்யே. அறம் பல இடத்தும் ஒத்திருக்கின்றது. அவ்வறம் ஏன் என்னும் வினாவிற்கு விடை வேறுபடுகின்றது. ஒப்புமையை மறைத்தலும் பொய். வேற்றுமையை மறைத்தலும் பொய்யே.

அங்ஙனமாயின் உண்மையை எவ்வாறு அறிவது? தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எமக்கு மணிமேகலை ஒரு வழி காட்டிற்று. வஞ்சி நகரில் மணிமேகலை, அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி முதலாகப் பதின்மரை நேரிற் கண்டு, அவரவர் சமயத்தை அவரவர் வாயாலேயே கேட்கின்றாள். அதன் பின்னரே தனக்குரிய அறத்தைக் கேட்டு நோன்பு மேற்கொள்கின்றாள். நூலாசிரியர் புத்த சமயத்தார். பிறர் கொள்கையை அவர் மறுப்பவரே. எனினும் மறுக்குமுன் பேசவிட்டார்.

இவ்வழியை அண்மைக்காலத்தில் நடந்து காட்டியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். சைவக் குடியிற் பிறந்த அப்பெரியார், சமண காவியமாகிய சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குத் தாமே சென்று ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். சிந்தாமணி 1887-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. பிறர் சமயத்தை அச்சமயத்தாரிடமே கேட்கவேண்டும் என்னும் பணிவு இல்லாதிருந்தால் அந்நூல்கள் இத்துணைத் தெளிவாய் நமக்குக் கிட்டியிரா.

எம் திருச்சபையின் சரித்திரத்தில் இருவகைச் சான்றும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் மக்களிடம் வினாவியும் ஏட்டுச்சுவடிகளைப் படித்தும், 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றி ஒரு நூல் எழுதினார். அதனை ஜெர்மனிக்கு அனுப்பியபோது, ஆலே நகரத்துத் தலைவராகிய பிராங்கே அச்சிட உடன்படவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவர் எண்ணம். அந்நூல் 1867-இல் சென்னையிலேதான் அச்சேறிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் உண்மைச் சாட்சி வாய் கட்டப்பட்டுக் கிடந்தது. மற்றொருபுறம், 1820-இல் பிறந்த போப்பையர் திருவாசகத்தை முழுதும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டார். மாணிக்கவாசகரை ஆழ்ந்து கற்றதனால் அவர் கிறிஸ்தவத்தை இழந்தாரல்லர்.

பிற சமயத்தைக் கற்பின் நம் விசுவாசம் தளரும் என்று அஞ்சும் பெரியோருக்கு இதனையே விடையாகக் கூறுவோம். அயலானைப்பற்றிய பொய்யை ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கும் விசுவாசம், அப்பொய் முறிந்த அன்றே விழும். உண்மையைக் கேட்டும் நிற்பதே உறுதியுடையது. தன் சமயத்தைப் புகழ வேண்டிப் பிறர் சமயத்தை இகழ்வோன் தன் சமயத்திற்கே தீங்கு செய்கின்றான் என்று, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அசோக மன்னர் தம் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்திற் பொறித்தனர். ஒருவர் அறத்தை ஒருவர் கேட்டல் நன்று என்றும், நாவடக்கமே அதற்கு வேர் என்றும் அச்சாசனம் கூறுகின்றது.

நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். ஒரே விடுதியில் உண்டு உறங்கும் பல சமயத்து இளைஞர் நாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் தமிழ் மன்றத்தில், ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் சமயத்தின் தோற்றத்தையும் உட்பொருளையும் தாமே எடுத்துரைக்கும் கூட்டம் ஒன்று நடைபெறல் வேண்டும். அன்று வினாக்கள் எழலாம், கண்டனம் வேண்டா. கேட்டோருள் ஒருவர் இறுதியில் எழுந்து தாம் கேட்டதைச் சுருங்கச் சொல்லவேண்டும். பேசியவர் 'ஆம், யாம் நம்புவது இதுவே' என்று ஒப்புவாராயின், அன்று ஒரு மெய்ச்சாட்சி பிறந்ததாகக் கொள்ளலாம்.

எம் அளவில் அத்தேர்வை முன்னமே தொடங்கிவிட்டோம். சைவ நண்பரிடம் சென்று எம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருவுருவ வழிபாட்டினை யாம் விளங்கிக்கொண்டவாறு கூறினோம். அவர் இரண்டிடத்தில் எம்மைத் திருத்தினார். மறுமுறை சென்று கூறியபோது ஒன்றே எஞ்சிற்று. அதனையும் நீக்கிக்கொண்ட பின்னர், அவரோடு எமக்குள்ள வேற்றுமையை மனத்தூய்மையுடன் பேச எமக்கு உரிமை பிறக்கும்.