கிணறு வெட்டப் புறப்பட்ட பூதம்

நல்லெண்ணம் ஒன்றிருந்தால் போதும், நன்மை தானாகவே விளையும் என்று நம்புவோர் நம்மிடையே நிரம்ப உளர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்னும் பழமொழியை அவர்கள் வேடிக்கைப் பேச்சென்றே கருதுவர். ஆனால், தோழர்களே! அந்தப் பழமொழி ஒரு நாட்டின் வரலாறாகவே நடந்திருக்கிறது. நாடு, வங்கதேசம். கிணறு, ஏழைக் குழந்தைகளின் உயிரைக் காக்கவென்று இறக்கப்பட்ட குழாய்க் கிணறு. பூதம், ஆர்செனிக், பாஷாணம் என்று பெயரிட்டு நம் முன்னோர் அஞ்சிய நஞ்சின் மூலப்பொருள்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் மேகனாவும் கடலில் கலக்கும் தாழ்நிலம் அது. அங்கு நீருக்குப் பஞ்சமில்லை. நல்ல நீருக்கே பஞ்சம். குளத்திலும் ஆற்றிலும் மொண்டு குடித்த நீர், வாந்திபேதியையும் சீதபேதியையும் சுமந்து வந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளைகளைத் தூக்கிச் சென்றது. இந்தக் கொடுமையைக் கண்டு வாளாவிருத்தல் தகாது என்று, 1970களில் யூனிசெப் நிறுவனமும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் முனைந்து செயலாற்றின. ஊர்தோறும் அடிகுழாய்கள் எழுந்தன. அவற்றின் பயனைக் கண்ட மக்கள், தம் கைப்பணத்தைச் செலவிட்டு முற்றந்தோறும் குழாய் இறக்கினர். 2000 ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு 80 பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் என்பது இலக்கு. அதை முன்கூட்டியே கடந்துவிட்டோம் என்று 1997 இல் யூனிசெப் கூறிற்று. பெருமைக்குரிய பணிதான், மறுப்பாரில்லை.

ஆயினும், அந்த நீரில் கிருமி உண்டா என்று கேட்டவர்கள், வேறு நஞ்சு உண்டா என்று கேட்கவில்லை. அந்நாளைய வழக்கமான நீர்ச் சோதனையில் ஆர்செனிக்குக்கு இடமே இல்லை. இமயத்திலிருந்து ஆறுகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அடித்துக் கொணர்ந்த வண்டலில், இரும்புத் துகளோடு ஒட்டிக்கொண்டு உறங்கிக் கிடந்தது அது. மண்ணுள் மக்கிய பொருள்களை உண்டு வாழும் நுண்ணுயிர்களின் செயலால் அந்த இரும்பு கரைய, நஞ்சும் விடுபட்டு நிலத்தடி நீரில் கலந்தது. அந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆண்டுக்கணக்கில் அருந்தியவரின் தோலில் கரும்புள்ளி படரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரக்கும். பின்னர்ப் புற்றுநோயும் வரக்கூடும்.

இதைக் கண்டறிந்தவர் யார்? திட்டம் தீட்டியவர்களா? அல்லர். 1983 ஆம் ஆண்டில், கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா, மேற்கு வங்கத்து நோயாளிகளின் உடலில் இந்த நஞ்சின் அடையாளங்களைக் கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி சோதனைக்கூடத்தோடு நின்றாரில்லை; ஊர் ஊராகச் சென்று, கிணற்று நீரையும் மக்களின் நகத்தையும் மயிரையும் சேகரித்துச் சோதித்தார். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நோயாளிகளும் 1987 க்குள்ளாகவே அடையாளம் காணப்பட்டனர். இருந்தும், வங்கதேசத்துக் கிணற்றில் நஞ்சு உண்டு என்று அந்நாட்டுத் துறை உறுதி செய்தது 1993 இல்தான். இடையே, 1992 இல், பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டுக் கிணற்று நீரைச் சோதித்தது. ஆர்செனிக்கை மட்டும் தேடவில்லை. பாதிக்கப்பட்டோர் சார்பில் லண்டன் மாநகரில் வழக்கு எழுந்தது. அம்மக்கள்பால் அந்நிறுவனத்துக்குச் சட்டப்படியான கடமைப்பாடு இல்லையென்று, 2006 இல் பிரபுக்கள் சபை அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. நஞ்சு உண்டு, நோய் உண்டு, பொறுப்பேற்க மட்டும் ஆளில்லை!

2000 ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் கணக்கை உலகின் முன் வைத்தனர். அன்றைய 12½ கோடி மக்களில், 3½ கோடி முதல் 7 கோடியே 70 லட்சம் பேர் வரை நஞ்சு நீரை அருந்தும் ஆபத்தில் இருந்தனர். ஒரு மக்கட்கூட்டத்துக்கு நேர்ந்த நஞ்சூட்டல்களில், வரலாறு கண்ட மிகப் பெரியது இதுவே என்றனர்.

குழந்தைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். டாக்காவுக்கு அருகே அராய்ஹஜார் என்னும் வட்டாரத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் அந்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து பல்லாண்டு ஆராய்ச்சி நடத்தினர். அங்கே 10 வயதுப் பிள்ளைகள் 201 பேரை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட முடிவு நெஞ்சைச் சுடுகிறது. குடிநீரில் ஆர்செனிக் ஏற ஏற, அறிவுத்திறன் தேர்வில் பிள்ளைகள் பெறும் மதிப்பெண் இறங்கிற்று. தோலில் படரும் புள்ளியைத் தாய் காண்பாள். மங்கிவரும் அறிவை யார் காண்பர்? வகுப்பில் மந்தமானவன் என்று ஏசப்படும் சிறுவன், தன் வீட்டு முற்றத்து நீரே தன் எதிர்காலத்தைக் குடித்துவிட்டது என்பதை எங்ஙனம் அறிவான்? அந்த எண்கள் எழுதப்படாதிருந்தால், அவன் தலைவிதி என்றல்லவா உலகம் சொல்லியிருக்கும்!

ஆராய்ச்சி நோயை மட்டும் சொல்லவில்லை, வழியையும் சொன்னது. நஞ்சு எங்கும் ஒரே அளவில் இல்லை. ஒரு வீட்டுக் கிணறு கொல்லும். சில அடி தள்ளியுள்ள அடுத்த வீட்டுக் கிணறு காக்கும். ஆழ்ந்து, 150 மீட்டருக்கும் கீழே இறக்கினால் பெரும்பாலும் நல்ல நீர் கிடைக்கும். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வங்கதேசத்து வேதியியலார் அபுல் ஹுசாம், மணலும் கரியும் செங்கல் துண்டும் இரும்புத் துகளும் கொண்டு, வீட்டிலேயே நஞ்சை வடிகட்டும் கருவியைச் செய்து காட்டினார்.

அரசும் உலக நிறுவனங்களும் 2003 வாக்கில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்தன. தீய கிணற்றின் வாயில் சிவப்பும், நல்ல கிணற்றின் வாயில் பச்சையும் பூசின. ஒரு குவளை வண்ணம். அதன் வலிமையைப் பாருங்கள்! தம் கிணறு தீயது என்று தெரிந்துகொண்டவர்களில் நூற்றுக்கு 60 பேர், ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறியதை அராய்ஹஜாரில் கண்டனர். பாமர மக்களுக்குச் சொன்னால் விளங்காது என்று சோம்பிக் கிடப்போர்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமோ?

அப்படியாயின் சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சுமார் 2 கோடி மக்கள் அப்போதும் அந்நாட்டின் வரம்பை மீறிய நஞ்சு நீரையே அருந்திக்கொண்டிருந்தனர். ஏன்? ஆழ்கிணறு விலை மிக்கது, ஏழையால் இறக்க முடியாது, அரசுதான் தரவேண்டும். அரசு தந்தது. ஆனால், எங்கே இறக்குவது என்று முடிவு செய்யும் உரிமையில் பாதி, நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையில் இருந்தது. நஞ்சு மிகுந்த சேரியை விட்டுவிட்டு, வேண்டியவர் வீட்டு முற்றத்தைத் தேடிச் சென்றன பல கிணறுகள். நஞ்சு எங்கே என்று பல்கலைக்கழகம் வரைபடம் தீட்டித் தந்தது. வாக்கு எங்கே என்று வேறொரு வரைபடத்தைப் பார்த்தனர் அரசியல்வாதிகள்.

இதைக் கேட்டவுடன், அரசியலே வேண்டாம், எல்லாவற்றையும் நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள் என்பார் சிலர். முதல் கிணறுகளை இறக்கியவர்களும் நிபுணர்களே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மக்களைக் கேளாத நிபுணத்துவம் ஒரு தவறு செய்தது. அறிவை மதியாத அரசியல் மறு தவறு செய்தது. ஆராய்ச்சி ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது என்று ஏளனம் செய்வோரும் உண்டு. ஏட்டிலேயே விட்டால் உதவாதுதான். அதை வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்ப்பவன் யார்? சம்பளம் வாங்கும் அதிகாரி ஒரு நாள் வருவான். அன்றாடம் அந்தத் தெருவில் நடப்பவன் தொண்டன்.

ஆகவே தோழர்களே, உங்களை நோக்கியே இதை எழுதுகிறோம். குடிநீரோ, பள்ளிக்கூடமோ, சத்துணவோ, எந்த நலத்திட்டம் எந்த ஊருக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சோதித்தார்களா? சோதித்ததை அங்குள்ள மக்களுக்குச் சொன்னார்களா? மிகவும் தேவைப்படுவோருக்கு முதலில் கொடுத்தார்களா? ஆட்சியில் இருப்பவர் எவராயினும் கேளுங்கள். நம்மவராயின் இன்னும் உரக்கக் கேளுங்கள். திறப்பு விழாவில் கைதட்டுவது எளிது. திறந்த பின் ஆண்டுதோறும் நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது அரிது. அந்த அரிய வேலைதான் நம்முடையது.

கட்சிக்காரர் வீட்டு முற்றத்தில் ஓர் ஆழ்கிணறு இறங்கி, நான்கு தெரு தள்ளி ஒரு குழந்தை நஞ்சு நீரைக் குடித்துக்கொண்டிருக்குமானால், அந்தக் கிணறு வெற்றியின் சின்னம் அன்று, களங்கத்தின் சின்னம். அதை அந்தக் குழந்தையின் தெருவுக்கு மாற்றும்வரை ஓயாதவனே தொண்டன்.