ஏலத்துக்கு முன்பே ஊரைக் கேளுங்கள்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் ‘நாயக்கர்பட்டி தொகுதி’ என்று டெல்லியில் பெயர் சூட்டப்பட்ட 2,015.51 ஹெக்டேர் நிலப்பரப்பில் டங்ஸ்டன் எடுக்க, 2024 நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் இருந்தன. கிறிஸ்துவுக்கு முந்தைய காலத் தமிழி கல்வெட்டும், சமணர் படுக்கையும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், லகர் வல்லூறு கூடு கட்டும் குன்றுகளும் உள்ள இடம் அது. அங்கே 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு 2022 நவம்பரில் அறிவித்திருந்தது. ஏலச் செய்தி வெளியான பிறகுதான் பெரும்பாலான ஊர்க்காரர்களுக்கு விவரமே தெரியவந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாக எதிர்த்தது. ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கித் திரண்டனர். அவர்கள்மீது வழக்குப் பதிந்து பிறகு திரும்பப் பெற்றார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தையே ரத்து செய்தது. இதை மக்கள் வெற்றி என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஊரைக் கேட்காமலேயே ஊரை ஏலத்துக்கு விட வழிசெய்த சட்டம் அந்த விஷயத்தில் மாறாமல் அப்படியே இருக்கிறது.

அந்தச் சட்டத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பெருங்கனிமங்களுக்கு ஏலத்தைக் கட்டாயமாக்கியது. நிலக்கரி ஒதுக்கீட்டில் நடந்த முறைகேடுகளும், 2014இல் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரித் தொகுதிகளை ரத்து செய்ததும் நினைவில் இருக்கும்போது, ஏலமுறை நல்ல மாற்றம் என்பதை மறுக்க முடியாது. 2023இல் வந்த திருத்தம் அதற்கு மேலும் ஒரு படி போனது. டங்ஸ்டன், லித்தியம், கிராஃபைட் உள்ளிட்ட 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை 11டி பிரிவின் கீழ் மத்திய அரசிடம் கொடுத்தது. ஏலத்தொகையும் ராயல்டியும் மாநிலத்துக்குத்தான் வரும். உரிமப் பத்திரம் வழங்குவதும் மாநிலம்தான். எந்த இடத்தை, எப்போது ஏலம் விடுவது என்பதை மட்டும் டெல்லி முடிவு செய்யும். புவியியல் ஆய்வு நிறுவனம் வரைபடம் தயாரிக்கிறது. மாநில அதிகாரிகள் நில விவரம் அனுப்புகிறார்கள். சுரங்க அமைச்சகம் தொகுதியை அறிவிக்கிறது. நிறுவனங்கள் விலை கேட்கின்றன. இந்த வரிசையில் எந்த இடத்திலும் கிராம சபைக்கு ஒரு கடிதம்கூடப் போக வேண்டியதில்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளிலாவது கிராம சபைக்குச் சில தனி உரிமைகள் உண்டு. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை.

அரிட்டாபட்டி விவகாரத்தில் இரு அரசுகளும் ஒன்றையொன்று குற்றம்சாட்டியதே இந்தக் குறைக்குச் சான்று. ஏலம் வருவது தெரிந்தும் மாதக்கணக்கில் மாநிலம் எதிர்ப்புச் சொல்லவில்லை, நில விவரங்களைக் கொடுத்ததே மாநிலம்தான் என்றது மத்திய அரசு. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மாநிலங்களிடமே இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபரிலேயே கடிதம் எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. இரண்டுமே கோப்புகளில் இருப்பவைதான். இரண்டு அரசுகளுக்கு இடையே கடிதம் போய்வந்தால் அதுவே ஆலோசனை ஆகிவிடும் என்று சட்டம் கருதுகிறது. சென்னையின் மௌனத்தை மேலூரின் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

இது தவறிப்போய் ஒருமுறை நடந்ததும் அல்ல. 2023 மார்ச் இறுதியில் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. அவற்றில் இரண்டு, 2020ஆம் ஆண்டு சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட காவிரி வேளாண் மண்டலத்துக்குள் வருபவை. மூன்றாவது அதன் ஓரத்தில் உள்ளது. டெல்டாவே கொந்தளித்தது. சுமார் பத்தே நாள்களில், ஏப்ரல் 8 அன்று, மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஒரு மாநிலச் சட்டம் சுரங்கத்துக்குத் தடை விதித்திருக்கும் நிலத்தை, அந்தச் சட்டம் இருப்பதையே கவனிக்காமல் ஏலப் பட்டியலில் சேர்க்க முடிகிறது என்றால், முதல் படியிலேயே பிழை இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டிருந்தால் டெல்டாவில் எந்த ஊர்க்காரரும் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பார்.

ஏலத்துக்குப் பிறகாவது கேட்பார்களே என்று இதுவரை ஆறுதல் சொல்லிக்கொள்ள முடிந்தது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற விதி 1997 முதல் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கை அதை விரிவாக எழுதியது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்த, ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். முழுக் கூட்டமும் வீடியோவில் பதிவாக வேண்டும். பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். இவ்வளவும் எழுத்தில் இருந்தது. 2025 செப்டம்பர் 8 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன்பேரில், அணுக்கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் இந்தக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றது. பரப்பளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மத்திய அளவிலேயே பரிசீலனை நடக்கும் என்றது. 2006 அறிவிக்கையில் தேசப் பாதுகாப்புக்கும் பிற கேந்திரக் காரணங்களுக்கும் ஒரு விலக்கு உண்டு. அந்தச் சிறு வாசல் வழியாக ஒரு தொழில்துறையின் பெரும்பகுதியே வெளியே அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கவும் இல்லை.

இதன் விளைவு எங்கோ தொலைவில் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தின் கடலோர ஊர்களில் மோனசைட் உள்ளிட்ட கனிம மணலை எடுக்க, மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் சுமார் 1,144 ஹெக்டேரில் திட்டம் வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மீனவர்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. மோனசைட் அணுக்கனிமம். கதிரியக்கம் பற்றியும் கடலரிப்பு பற்றியும் அந்த மக்களுக்கு இருக்கும் கேள்விகளை அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்கச் சட்டம் தந்த ஒரே மேடை, இந்தக் குறிப்பாணைப்படி இனி கட்டாயமில்லை.

எதிர்வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உலக டங்ஸ்டன் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் டங்ஸ்டனுக்கும், ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அந்த நாடு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. மின்வாகன மோட்டாருக்கான காந்தம் கிடைக்காமல் இந்திய நிறுவனங்கள் திண்டாடின. சொந்தக் கனிமம் இல்லாத நாடு அடுத்தவர் தயவில் இருக்க வேண்டியதுதான். எனவே தாமதம் கூடாது என்கிறார்கள். தேவை உண்மை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் கருத்துக்கேட்புக் கூட்டமா? ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியக் கனிமம் இருப்பதாக 2023 பிப்ரவரியில் பெருமையுடன் அறிவித்தார்கள். அந்தத் தொகுதி ஏலத்துக்கு வந்தபோது போதுமான ஏலதாரர்கள் முன்வரவில்லை. முதல் சுற்றில் அறிவித்த 20 முக்கியக் கனிமத் தொகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் ஏலம் அதேபோல் கைவிடப்பட்டது. எந்தக் கிராம சபையும் அவற்றைத் தடுக்கவில்லை. பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு தேறும், எப்படிப் பிரித்தெடுப்பது என்பதற்குப் போதிய ஆய்வு இல்லாததால் முதலீட்டாளர் தயங்குகிறார். ஆய்வுக்கும் சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்துக்கும் ஆகும் ஆண்டுகளோடு ஒப்பிட்டால், 30 நாள் அறிவிப்பு கொடுத்து நடத்தும் ஒரு நாள் கூட்டம் எந்தக் கணக்கிலும் வராது. மேலூரிலோ, கேட்காமல் போனதால் வரைபடம் தொடங்கி ஏலம் வரை செய்த வேலை அத்தனையும் வீணானது. அவசரம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டமே வெறும் சடங்கு, வெளியாட்கள் வந்து கூச்சல் போடும் இடம் என்பது இன்னொரு வாதம். சடங்காகிவிட்டது என்பதில் உண்மை இருக்கிறது. பல நூறு பக்க ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சில பக்கச் சுருக்கம் மட்டும் தமிழில் கிடைக்கும். அந்தக் கூட்டத்துக்குத் திட்டத்தை நிறுத்தும் அதிகாரமும் கிடையாது. அப்படியிருந்தும் அதில் பதிவாகும் ஒரு கேள்விக்குச் சட்ட மதிப்பு உண்டு. கோவாவின் இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்று தொடர்பான வழக்கில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம், மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்ததற்கான காரணங்கள் பதிவாகியிருக்க வேண்டும் என்றது. ஒரு விவசாயி எழுந்து நின்று, எங்கள் கண்மாய்க்கு வரும் ஓடை உங்கள் வரைபடத்தில் இல்லையே என்று கேட்டால், அந்தக் கேள்வி கோப்பில் ஏறிவிடுகிறது. பிறகு நீதிமன்றத்தில் அதுவே ஆதாரமாகிறது. சடங்கைச் சரிசெய்ய வழி, முழு அறிக்கையையும் தமிழில் தருவதும், கூட்டத்தை அந்தந்த ஊரிலேயே நடத்துவதும்தான்.

கேட்டால் எல்லோரும் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள் என்று அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். ஒடிசாவின் நியமகிரியை அதற்கு எடுத்துக்காட்டுவார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. கேட்கப்பட்ட பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. மறுப்பு வரும்தான். அது ஏன் வருகிறது என்று பார்க்க மேலூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இதே வட்டம்தான் கிரானைட் முறைகேட்டின் மையம். கிரானைட் வெட்டியதில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் கல் கழிவால் மூடப்பட்டதையும், குன்றுகள் இருந்த இடத்தில் பாதாளக் குழிகள் விழுந்ததையும் அந்த ஊர்கள் கண்ணால் கண்டவை. உரிமம் எவ்வளவு, வெட்டியது எவ்வளவு என்று கண்காணிக்க வேண்டிய துறைகள் என்ன செய்தன என்பதும் அவர்களுக்குத் தெரியும். சூடு கண்ட பூனைபோல மக்கள் விலகுகிறார்கள் என்றால், அந்தச் சூட்டை வைத்தது நிர்வாகம்தான். சுரங்கப் பகுதி மக்களுக்காக 2015இல் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, ஏலத்தில் எடுத்த குத்தகைகளின் ராயல்டியில் 10 சதவீதத்துக்கு இணையான தொகை போகிறது. அந்தப் பணத்தில் தங்கள் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று ஏலத்துக்கு முன் யாராவது மேலூரில் வந்து பேசினார்களா? மக்கள் ‘சரி’ என்று சொல்வதற்கான காரணம் எதையும் தராமல், அவர்கள் ‘வேண்டாம்’ என்பார்கள் என்று முன்முடிவு கட்டுவது நியாயமில்லை.

மண்ணுக்கு அடியில் இருப்பது அரசுக்குத்தானே சொந்தம் என்பாரும் உண்டு. எல்லாக் கனிமமும் அரசுடைமை என்று அறிவிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கேரளத்தின் மலபார் நிலங்கள் குறித்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. அது போகட்டும், கனிமம் அரசுடையது என்றே வைத்துக்கொண்டாலும், அதன்மேல் இருக்கும் வயலும் வீடும் சுடுகாடும் குடிநீர்க் கிணறும் அரசுடையவை ஆகிவிடாது.

செய்ய வேண்டியது சிக்கலானதும் அல்ல. 11டி பிரிவின் கீழ் ஒரு தொகுதியை ஏலத்துக்கு அறிவிக்கும் முன், அதில் அடங்கும் ஊர்களும் சர்வே எண்களும் தமிழில் வெளியிடப்பட வேண்டும். தொல்லியல் சின்னங்கள், நீர்நிலைகள், பாதுகாக்கப்பட்ட நிலங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். கிராம சபையில் விவாதித்து, அதன் முடிவு ஏல ஆவணத்தோடு இணைக்கப்பட வேண்டும். எந்த நிலத்தில் எதிர்ப்பு இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிவது ஏலம் கேட்கும் நிறுவனத்துக்கும் நல்லதுதான். செப்டம்பர் 8 குறிப்பாணையை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதை அவையில் வலியுறுத்த வேண்டும். இவற்றுக்கு டெல்லியின் மனம் மாற வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் தமிழ்நாடு அரசு நாளையே செய்யலாம்: கனிமத் தொகுதிக்கான நில விவரங்களை மத்திய அமைச்சகம் கேட்கும்போது, சம்பந்தப்பட்ட கிராம சபைகளின் முன் வைத்து, அவை சொன்ன பதிலையும் சேர்த்து அனுப்புவது என்று ஓர் அரசாணை போட்டால் போதும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.