‘டிஜிட்டல் கைது’... பென்ஷன் பணத்தைக் குறிவைக்கும் கும்பல்! அப்பா, அம்மாவின் சேமிப்பைக் காப்பது எப்படி?

“சார், உங்க ஆதார் நம்பர்ல வாங்கின சிம் கார்டை வெச்சு பண மோசடி நடந்திருக்கு. மும்பை போலீஸ்ல இருந்து பேசுறோம்.”

பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது அந்த அழைப்பு. அடுத்து வீடியோ காலில் காக்கி உடை, போலி பிடிவாரன்ட், “கேமராவை ஆஃப் பண்ணாதீங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்ற மிரட்டல். கடைசியில், “பணத்தை எங்க கணக்குக்கு மாத்துங்க, சரிபார்த்துட்டுத் திருப்பித் தந்துடுவோம்”. இதுதான் ‘டிஜிட்டல் கைது’ மோசடி.

2024-ல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. ஹரியானாவைச் சேர்ந்த முதிய தம்பதி, போலி நீதிமன்ற உத்தரவை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். அவர்களது கடிதத்தை வைத்து 2025 அக்டோபரில் தாமாக முன்வந்து வழக்கு பதிந்த உச்ச நீதிமன்றம், டிசம்பரில் இத்தகைய மோசடிகளை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது.

ஏன் ஓய்வு பெற்றவர்கள்?

பி.எஃப், கிராஜுவிட்டி என வாழ்நாள் உழைப்பு மொத்தமாக ஒரே வங்கியில், பெரும்பாலும் எஃப்.டி-யில் இருக்கும். ‘இத்தனை வருஷம் கெட்ட பேர் வாங்கினதில்லையே’ என்ற பதற்றம் வேறு. இருபத்தைந்து வயதில் ஏமாந்தால் மறுபடி சம்பாதிக்கலாம். எழுபதில் அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொரு வலை, ஆண்டுதோறும் நவம்பரில் பலரும் தரும் வாழ்நாள் சான்றிதழ். “சான்றிதழ் புதுப்பிக்கணும், ஓடிபி சொல்லுங்க” என்று அழைப்பு வந்தால் அது மோசடிதான். ஜீவன் பிரமாண் செயலியிலோ வங்கியிலோ நேரடியாகவே சமர்ப்பிக்கலாம்.

போன பணம் திரும்புமா?

இங்குதான் சிக்கல். வாடிக்கையாளர் மீது தவறில்லாத சில மோசடிகளில், 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு இழப்பு இல்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஆனால், டிஜிட்டல் கைதில் பணத்தை அனுப்புவது வாடிக்கையாளரே. அதனால் இந்த விதியை நம்பியிருக்க முடியாது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குச் சிதறும் முன் முடக்குவதுதான் முக்கிய வழி. உடனடியாக 1930-ஐ அழைக்க வேண்டும்.

இந்த வாரமே என்ன செய்யலாம்?

* பென்ஷன் வரும் கணக்கும் பெரிய சேமிப்பும் தனித்தனி வங்கியில் இருக்கட்டும். யுபிஐ, பென்ஷன் கணக்கில் மட்டும் போதும்.

* நெட் பேங்கிங் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வையுங்கள். ஆன்லைனில் எஃப்.டி-யை முறிக்கும் வசதியை நிறுத்த முடியுமா என வங்கியில் கேளுங்கள்.

* வீட்டில் ஒரு விதி: எவ்வளவு அவசரம் என்றாலும், பெரிய தொகையை அனுப்பும் முன் குடும்பத்தில் ஒருவரிடம் பேச வேண்டும்.

* வங்கிக்கே நேரில் போய்ப் பணம் அனுப்பியவர்களும் உண்டு. ‘எதுக்கு சார் இவ்வளவு பணம்?’ என ஊழியர் கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கேள்விதான் கடைசித் தடுப்பு.

இந்தியச் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்றே கிடையாது. எந்த போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது, பணமும் கேட்காது. மோசடிக்காரர்களின் பலமே “யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்ற அந்த ஒரு வரிதான். ‘என்ன ஆனாலும் முதல்ல எனக்கு போன் பண்ணுங்கப்பா, திட்ட மாட்டேன்’ என்று இன்று இரவே சொல்லி வைத்தால், அந்த பலம் பாதியாகிவிடும்.