கெட்டிப் பெடலை நம்பாதீர்கள்

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் லாரி தறிகெட்டு ஓடி மோதினால், "பிரேக் பிடிக்கவில்லை" என்று மறுநாள் செய்தி வருகிறது. வானத்திலிருந்து இடி விழுந்ததுபோல நாமும் அதை ஏற்றுக்கொள்கிறோம்.

"கேஜில் காற்று நிற்கிறது, பெடல் கெட்டியாக இருக்கிறது, பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது." ஓட்டுநரும் உரிமையாளரும் சேர்ந்து நம்பும் இந்தக் கணக்கு உயிரைக் குடிக்கும் கணக்கு. ஹைட்ராலிக் பிரேக்கில் லைனிங் தேய்ந்தால் பெடல் கீழே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். ஏர் பிரேக்கில் பெடல் ஒரு வால்வைத்தான் திறக்கிறது. டிரம்முக்கும் லைனிங்குக்கும் எவ்வளவு இடைவெளி என்பது காலுக்குத் தெரியவே தெரியாது.

தெரிய வேண்டுமானால் வண்டிக்கு அடியில் போக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, எஞ்சினை அணையுங்கள். காற்றழுத்தத்தில் நீண்டு பிரேக்கை இயக்கும் புஷ் ராடு, காற்றறையான சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. காற்று 6, 7 கிலோ இருக்கும்போது இன்னொருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும். கோடு எவ்வளவு நகர்ந்தது?

பரவலாக உள்ள 30-ஆம் எண் சாதா சேம்பரில் ராடு போகக்கூடிய தூரமே இரண்டரை அங்குலம். 2 அங்குலம் தாண்டினால் அந்த வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. இறக்கத்தில் சூடேறிய டிரம் விரியும். ராடு இன்னும் நீள வேண்டும். ராடு அதன் எல்லையில் முட்டிவிட்டால் டேங்க் நிறையக் காற்று இருந்தும் லைனிங் அழுந்தாது. ஷெட்டில் பிடித்த பிரேக் கணவாயில் கைவிடுவது இப்படித்தான்.

"இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஸ்லாக் இருக்கிறதே" என்பார்கள். அதிலும் ராடு அதிகம் நீண்டால், ஸ்லாக்கோ கேம்ஷாஃப்ட் புஷ்ஷோ கெட்டிருக்கிறது. ஸ்பேனரால் திருகினால் அளவு சரியாகும், கோளாறு அப்படியே இருக்கும். 2003-ல் பென்சில்வேனியாவின் க்ளென் ராக்கில் பிரேக் இல்லாமல் இறங்கிய டம்ப் லாரி உயிர்களைப் பறித்தது. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்தத் திருகலையே ஆபத்து என்று கண்டித்தது.

அளக்க இரண்டு பேர் வேண்டும். செலவைக் குறைக்கக் கிளீனரை நிறுத்திவிட்டு, ஒற்றை ஓட்டுநரை லோடுடன் விரட்டினால் பெடலை யார் மிதிப்பது? இனி "பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதுமுன் கேளுங்கள்: ராடு எத்தனை அங்குலம் நீண்டது? கடைசியாக அளந்தவர் யார்?