மீனுக்குக் காவல் போட்டார்கள். ஓடைக்குக் காவல் யார்?

நீலகிரி உச்சியில் அவலாஞ்சி, முக்கூர்த்தி, மேல்பவானிப் பக்கம் சின்னச் சின்ன ஓடைகள் ஓடுகின்றன. எட்டிக் குதித்தால் அக்கரை. கை வைத்தால் விரல் மரத்துப் போகும் குளிர்ந்த நீர். இந்த ஓடைகளில்தான் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் என்ற சீமை மீனை விட்டு வளர்த்தார்கள். சிறு தூண்டில் முள்ளில் பறவை இறகையும் பட்டு நூலையும் சுற்றி, பார்வைக்கு ஈ போலக் கட்டி, தண்ணீர்மேல் வீசுவார்கள். நிஜ ஈ என்று நம்பி மீன் கவ்வும். இது அவர்களுடைய பொழுதுபோக்கு.

"அது பொற்காலம்! துரைமார் சட்டம் போட்டு இயற்கையைக் காப்பாற்றினார்கள்" என்று இன்றும் பெருமூச்சு விடும் கனவான்கள் இருக்கிறார்கள். அந்தப் பொற்காலத்தின் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். பஞ்சம் ஓய்ந்த மறு வருஷம், 1879இல், நீலகிரிக்கென்று ஒரு சட்டம் வந்தது. பசித்தவனுக்குச் சோறு போடும் சட்டமா? இல்லை. வேட்டை மிருகங்களையும் மீனையும் பாதுகாக்கும் சட்டம்! துப்பாக்கி தூக்கிக் காட்டைச் சூறையாடிய துரைமாரே, தங்கள் வேட்டை தீர்ந்துவிடுமோ என்று பயந்து கேட்டு வாங்கிய காவல் அது.

ட்ரவுட் மீனைக் கொண்டுவர 1860களிலேயே பிரான்சிஸ் டே என்பவர் முயன்றார். பலிக்கவில்லை. பிறகு சென்னை சர்க்காரின் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் அதை நிறைவேற்றினார். 1907இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. சர்க்கார் நிபுணரின் சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்து போயிற்று. அந்தக் கஜானாவில் உப்புக்கு வரி கொடுத்த கூலிக்காரனின் காசும் கிடந்தது. ஏழையின் வரி, துரையின் தூண்டிலில் மீனாகத் தொங்கியது!

இந்த நியாயம் எங்கிருந்து வந்தது? சீமையிலிருந்துதான். அங்கே கரை எவனுடையதோ, மீன் பிடிக்கும் உரிமையும் அவனுடையது. 1968இல் இங்கிலாந்தில் இயற்றிய திருட்டுச் சட்டத்தைப் பாருங்கள். தனியார் நீரில் அனுமதியின்றி மீன் பிடித்தால் குற்றம். ஆனால் அது இயற்றப்பட்டபோது, பகலில், தூண்டில் போட்டுப் பிடித்தால் தண்டனை குறைவாக இருந்தது. இரவிலோ வலையாலோ பிடித்தால் தண்டனை அதிகமாக இருந்தது. பகலெல்லாம் உழைத்தவன் இரவில்தானே ஓடைக்கு வர முடியும்? சட்டத்துக்கும் வர்க்கம் உண்டு, தோழர்களே!

ஈத் தூண்டில் வீசுவது ஒரு கைத்திறன். அதை நாம் இகழவில்லை. கைத்திறனின் அருமை உழைப்பாளிக்குத்தான் தெரியும். ஆனால் அந்த முள்ளைச் செய்தது யார்? இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் உலகப் பேர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஊசிமுனை தீட்டிய தொழிலாளர்கள் கல் தூசியையும் இரும்புத் தூசியையும் சுவாசித்து, நெஞ்சு அரித்து, இளம் வயதிலேயே செத்தார்கள். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு நூல் இழுக்கும் நம் மில் தோழனுக்கு இதை விளக்க வேண்டுமா?

மீனைக் காக்க 1897இல் பிரிட்டிஷ் இந்தியாவில் இன்னொரு சட்டம் வந்தது. மீன் பிடிக்கவோ கொல்லவோ வேண்டும் என்ற எண்ணத்துடன் தண்ணீரில் விஷமோ சுண்ணாம்போ கலந்தால் இரண்டு மாதம் வரை சிறை. ஓடையில் விஷம் கலப்பது தவறுதான், நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 'எண்ணத்துடன்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள நாலு மீன் தேடியவன் சிக்குவான். ஆலைக் கழிவைத் திறந்துவிட்டு ஆற்றையே கொல்லும் முதலாளி, "மீனைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லையே" என்று நழுவுவான்! கழிவுநீரைத் தடுக்கும் தனிச் சட்டம் வர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வந்த பிறகும் நடந்தது என்ன? நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். தோடர்களின் எருமை மேய்ந்த நிலம் ஆலைக்குக் கூழ் மரம் விளையும் காடாயிற்று. அடிவாரத்தில் ஆலைக் கழிவு பவானியில் கலந்தது. கரையோர ஜனங்கள் வீதிக்கு வந்து போராடிய பிறகே அதிகாரிகள் கண் விழித்தார்கள்.

இது மலைமேல் இருப்பவர்களின் சங்கதி என்று யாரும் எண்ண வேண்டாம். 1932இல் தொடங்கிய பைக்காரா மின்சாரத்தால்தான் கோவையில் மில்கள் பெருகின. குந்தா ஓடைகளும் மாயாறும் பவானியில் சேர்ந்து, ஈரோட்டு வயல்களுக்குப் பாய்கின்றன. துரை பொழுது போக்கிய அதே நீர்தான் கதிரைச் சுற்றியது, நாற்றை நனைத்தது. அந்த ஓடை வற்றினால் முதலில் வேலை இழப்பவன் யார்? கூலிக்காரன்!

ஆகவே நாம் கேட்பது இது: புல்வெளியும் சோலையும் மீள வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி மலைமக்களின் உரிமை ஏட்டில் இல்லாமல் நிலத்தில் கிடைக்க வேண்டும். ஆற்றில் கழிவு விடும் முதலாளி, எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூண்டில் ஏற வேண்டும். மீன் பிடிக்க விதி இருக்கட்டும். ஆனால் கனவானுக்கும் கூலிக்காரன் மகனுக்கும் ஒரே விதியாக இருக்கட்டும்.

மீனைக் காப்போம். அதற்கு முன் ஓடையைக் காப்போம். ஓடையைக் காக்க, அதை நம்பி வாழும் உழைப்பாளி மக்களே ஒன்றுபட்டு நிற்க வேண்டும்!