வெறுமையாக விட்ட இடம்



அண்மையில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்தரத்தில் சித்தியடைந்த மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான தாள்களைப் பாயில் பரப்பி வைத்திருந்தாள். எல்லாம் நிரப்பியாயிற்று. தகப்பனின் வருமானம் கேட்ட இடம் மட்டும் வெறுமை. அவர் 2009 மே மாதத்தில் காணாமற்போனவர்.

"செத்திட்டார் எண்டு எழுதினால் வேலை சுகம் எண்டு கொமினிக்கேசன் கடைத் தம்பி சொல்லுறான். என்ர கையால அதை எப்பிடித் தங்கச்சி எழுதுறது?" என்று தாய் கேட்டார்.

எழுதத் தேவையில்லை, அக்கா. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பெறலாம். காணாமற்போனோர் அலுவலகத்தில் முறையிட்டவர்களுக்கு அதன் அறிக்கை இதற்கு உதவும். அந்த அலுவலகத்தின் வாசற்படி மிதிக்க விரும்பாத தாய்மாரும் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் உள்ள நிலைமையை விதானையாரிடம் சொல்லி, நீங்கள் உழைப்பதையே குடும்ப வருமானமாக உறுதிப்படுத்திக் கடிதம் கேளுங்கள்.

அடுத்தது விருப்ப ஒழுங்கு. அதையும் கடைத் தம்பியே போட்டிருந்தான்! பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் அனுமதி வழங்கப்படுகிறது. முல்லைத்தீவும் அந்த மாவட்டங்களில் ஒன்று. எதை முதலாவதாகப் போடுகிறோம் என்பதில் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும், பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேளுங்கள். இது அவர்களுடைய கடமை. காசு கொடுக்க வேண்டியதில்லை. "இடம் எடுத்துத் தாறன்" என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனிக் காசு விஷயம். அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், பஸ், கொப்பி எல்லாம் உண்டு. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், மாணவர் உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அதுவும் முதற்பணம் கைக்கு வரச் சில மாதங்கள் செல்லலாம். இந்த இடைவெளியில்தான் நம் பெண்கள் நுண்கடனில் விழுகிறார்கள். இந்தத் தாயும் கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்குக் கதைத்து வைத்திருந்தார். ஒரு கொப்பித் தாளில் முதல் நான்கு மாதச் செலவை எழுதிப் பார்த்தோம். விடுதி கிடைத்தால், கோழி விற்ற காசும் சீட்டுக் காசும் மட்டுமட்டாகப் போதும். கடனை நிறுத்தினார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் மாணவர் நலன்புரிப் பிரிவையும் மாணவர் ஆலோசகரையும் சந்தித்து விடுதிக்குக் கேட்கும்படி மகளிடம் சொன்னேன்.

புதன்கிழமை தாயும் மகளும் விதானையாரிடம் போனார்கள். அவர் தந்த கடிதத்தில் தகப்பனின் பெயருக்கு நேரே 'காணாமற்போனவர்' என்றுதான் இருந்தது.