விடுமுறை வழித்துணை: தீர்த்தன் ஆற்றில் தூண்டில்



கோடை விடுமுறையில் குலுப் பக்கம் செல்லும் நம் குடும்பத்தினர் சிலர், தீர்த்தன் ஆற்றில் டிரௌட் மீன் பிடிக்கவும் ஆவல் கொள்கின்றனர். வழிகாட்டி ஒருவரை அமர்த்திவிட்டால் ஆயத்தம் முடிந்தது என்று எண்ணிவிடலாகாது.

டிரௌட் நம் நாட்டு மீன் அன்று. 1900-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகள் காஷ்மீரத்தில் பொரிந்தன. பின்னர் அம்மீன் குலுவுக்கும் வந்தது. மண்புழுவைக் கோத்துக் காத்திருக்கும் நம் ஊர் முறை இதற்கு ஏற்றதன்று. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, ஈயைப் போலச் செய்த பொய்யிரையை நீரில் இடவேண்டும். அதற்கு எடை இல்லை. கனத்த தூண்டிற்கயிறே அதைச் சுமந்து செல்கிறது. ஆதலின் கைப்பழக்கம் இன்றியமையாதது. பதினைந்து நாள் முன்னதாகவே, முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டி, மைதானத்தில் வீசிப் பழகுக. கோலைப் பின்னே கொணர்ந்து சற்று நிறுத்துக. கயிறு பின்புறம் நீண்ட பின்னரே முன்னே வீசுக. வலிமையினும் பொறுமையே வேண்டுவது.

மங்கிய நிற ஆடை, கம்பளிச் சட்டை, வழுக்காத காலணி, தொப்பி ஆகியவை தேவை. வீசும் முள் கண்ணில் பாயாதிருக்கக் கண்ணாடியும் அணிக. மீன்துறையின் அநுமதிச் சீட்டுப் பெறுவது கட்டாயம். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய இம்மீனைப் பிடிக்கத் தடை உண்டு. பிடித்ததை மீண்டும் விடுவதாயின், கையை நனைத்துக்கொண்டே தொடுக.

இனி முதன்மையான செய்தி. கோடையில் பனி உருகுவதால், காலையில் முழங்காலளவு ஓடிய நீர் மாலைக்குள் உயரக்கூடும். தீர்த்தன் பியாஸில் கலக்குமிடம் லார்ஜி. அங்குள்ள அணைக்குக் கீழே, 2014 ஜூன் 8 அன்று, ஹைதராபாத்திலிருந்து வந்த மாணவர் 24 பேர், அணையிலிருந்து திறக்கப்பட்ட வெள்ளத்தில் உயிரிழந்தனர். உடன் சென்ற சுற்றுலா அமைப்பாளரும் தப்பவில்லை. படமெடுக்க ஆற்றுக்குள் இறங்கிய இளைஞர்கள் அவர்கள். அவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்திருக்கலாம்.

ஆகவே வழிகாட்டியிடம் கூலி பேசுமுன் மூன்று வினாக்கள் கேளுங்கள். மேலே அணை உண்டா? நீர் ஏறினால் எக்கரையில் ஏறுவது? எத்தனை ஆண்டுகளாக இவ்வாற்றில் இறங்குகிறீர்? ஆற்றின் இரைச்சலில் பேச்சுக் கேளாது. எனவே ‘நில்’, ‘கரையேறு’ என்பவற்றுக்குக் கைச்சைகைகளை முன்னரே வகுத்துக்கொள்க. சிறுவர்களுக்கும் அவற்றைக் கற்பிக்க.

சிக்னல் கிடைக்காமல் வண்டி நகராது என்பது ரயில்வேயில் எங்கள் முதற்பாடம். ஆற்றில் வழிகாட்டியின் கையே சிக்னல். ‘கரையேறு’ என்று அக்கை காட்டும்போது தூண்டிலில் மீன் சிக்கியிருப்பினும், கோலை விட்டுக் கரையேறுக. மீன் மறுநாளும் கிடைக்கும்.